இருமல் வரவில்லை, அப்படியானால் ரசம் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. ஏழு வாரத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சும் குழறுகிறது. மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான் கஞ்சி, பால், மாத்திரை எல்லாம் போகிறது. ‘வாய் வழியாக எதுவும் கூடாது’ என்று எழுதிக் கொடுத்துதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் தெளிந்த மிளகு ரசத்தை ஸ்பூனில் ஊட்டியிருக்கிறார். அப்பா ஒரு தடவைகூட இருமவில்லையாம். ‘நல்லாத்தானே முழுங்குறாரு, எதுக்கு இந்தக் குழாய்?’ என்கிறார். இதற்கிடையில் இரண்டு முறை காய்ச்சல் வந்து போனது. நரம்பு டாக்டர் விழுங்கும் சோதனை எடுக்கச் சொல்கிறார், அதற்கு மதுரைக்குப் போக வேண்டும். வயிற்றில் குழாய் போடுவதைப் பற்றியும் சொன்னார். கேட்டதும் அம்மா அழுதுவிட்டார். சித்தப்பாவோ, கழுத்தில் கரண்ட் வைத்தால் பத்து நாளில் சரியாகிவிடும் என்று ஒரு சென்டரின் நோட்டீஸைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். எதைச் செய்வது? அப்பா எதிரில் நாங்கள் சாப்பிடலாமா என்பதுகூடத் தெரியவில்லை.
– விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு மகள்

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் ரசத்தை நிறுத்துங்கள். அடுத்து, ரசம் கொடுத்ததையும் காய்ச்சல் வந்த தேதிகளையும் ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லி, நெஞ்சு எக்ஸ்ரே தேவையா என்று கேளுங்கள். அம்மா திட்டு வாங்குவாரே என்று பயந்து மறைத்தால், டாக்டர் காய்ச்சலுக்கு வேறு எங்கெங்கோ காரணம் தேடிக்கொண்டிருப்பார். மூச்சு வாங்கினாலோ, அப்பா வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கி வழிந்தாலோ, சளி கரகரவென்று சத்தம் போட்டாலோ, அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான கேள்வி அதுதான். இருமவில்லையே, அப்புறம் என்ன?

தொண்டை, ஒரே வாசலில் இரண்டு குடித்தனம் இருக்கிற வீடு. காற்றும் சோறும் அந்த ஒரு வழியாகத்தான் போக வேண்டும். நாம் விழுங்கும்போது ஏறக்குறைய ஒரு நொடிக்குள் மூச்சு நின்று, குரல்வளை மேலும் முன்னுமாக எழும்பி, அதன் மூடி கவிழ்ந்து, குரல் நாண்கள் ஒட்டி, உணவுக்குழாயின் வாய் திறந்து, உணவு இறங்கி, மறுபடி மூச்சு தொடங்குகிறது. இவ்வளவையும் வரிசை தப்பாமல் நடத்துவது மூளை. பக்கவாதத்தில் அந்த வரிசை குலைகிறது. பக்கவாதம் வந்த புதிதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் ஏதாவது சிக்கல் இருக்கும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். உங்கள் அப்பா மிச்சமிருக்கும் சிறு பகுதியில் இருக்கிறார்.

நமக்குப் புரை ஏறினால் இருமி வெளியே தள்ளிவிடுகிறோம். அந்த இருமலைத் தூண்டுவது குரல்வளைக்குள் இருக்கும் உணர்ச்சி நரம்புகள். பக்கவாதம் தசையை மட்டும் கெடுப்பதில்லை, சிலருக்கு அந்த உணர்ச்சியையும் மழுங்கடித்துவிடும். தண்ணீர் குரல் நாணைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் முகத்தில் ஒரு சுளிப்புகூட இருக்காது. ‘சைலன்ட் ஆஸ்பிரேஷன்’ என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. விழுங்கும் கோளாறுகளைப் பார்ப்பதையே வருஷக்கணக்காக வேலையாக வைத்திருக்கும் எங்களாலும் முடியாது. தொண்டையில் குச்சியை வைத்துக் குமட்டல் வருகிறதா என்று பார்ப்பதும் இதற்கு உதவாது. குமட்டல் வராத எத்தனையோ ஆரோக்கியமான மனிதர்கள் நன்றாகவே விழுங்குகிறார்கள்.

அம்மாவின் ரசத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் தேர்ந்தெடுத்த சுவையில் அறிவு இருக்கிறது. புளிப்பான திரவம் கொடுத்தால் நரம்பு நோயாளிகளில் விழுங்கல் சீக்கிரம் தொடங்குகிறது என்று அமெரிக்காவின் ஜெரி லோகெமன் குழு 1995இல் எலுமிச்சைச் சாறு கலந்து பார்த்துச் சொன்னது. மிளகாயின் காரச் சத்தான கேப்சைசின், தாமதமாகும் விழுங்கும் அனிச்சையைத் துரிதப்படுத்துகிறது என்று ஜப்பானிய மருத்துவர்கள் 1993இல் எழுதினார்கள். ஆகப் புளிப்பும் காரமும் தொண்டையை உசுப்பும் என்பது வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. சிக்கல் ரசத்தின் நீர்மையில்தான். எல்லா உணவிலும் வேகமாக ஓடுவது இப்படி நீர்த்த திரவம். தொண்டை தயாராவதற்குள் அது இறங்கிவிடும். இறங்கும் இடம் நுரையீரல் என்றால், புளிக்கரைசலும் மிளகும் அங்கே செய்யும் வேலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் உண்மையை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் டாக்டர் சொன்ன சோதனை. அதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று வீடியோ ஃப்ளூரோஸ்கோபி, அதாவது ஓடும் எக்ஸ்ரே. அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்து, பேரியம் கலந்த திரவத்தையும் உணவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, பக்கவாட்டிலிருந்து படம் எடுப்பார்கள். திரையில் தாடையும் கழுத்தெலும்பும் தெரியும், நடுவே சாம்பல் நிறத்தில் தொண்டை. பேரியம் கறுப்பாகத் தெரியும். ஒரு ஸ்பூன் வாயில் போனதும் அது நாக்கின் அடிவாரத்தில் இருக்கும் குழியில் வந்து நிற்கும். ஆரோக்கியமான ஆளுக்குக் கண் இமைக்கும் நேரத்தில் குரல்வளை எழும்பி, கறுப்பு மொத்தமும் பின்பக்கமாகச் சென்று மறைந்துவிடும். பாதிக்கப்பட்டவருக்குக் குரல்வளை எழும்புவதற்குள் குழி நிரம்பி வழிந்து, மூச்சுக்குழாயின் முன்சுவரை ஒட்டி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இறங்கும். நோயாளியோ ஒன்றும் நடக்காதது போல ‘அடுத்த ஸ்பூன் கொடுங்க’ என்று பார்ப்பார். பக்கத்தில் நிற்கும் குடும்பத்தாருக்கு அந்தக் கோட்டை ஒரு தடவை காட்டிவிட்டால், அதற்கப்புறம் நாங்கள் விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமே இருப்பதில்லை. முடிந்தால் அம்மாவையும் கூட அழைத்துப் போய் அந்தத் திரையைப் பார்க்க வையுங்கள்.

இரண்டாவது, மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுத் தொண்டையை மேலிருந்து பார்ப்பது. சூசன் லாங்மோர் 1988இல் விவரித்த முறை இது, ஃபீஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். கதிர்வீச்சு கிடையாது, படுக்கையிலேயே செய்யலாம், வீட்டுச் சாப்பாட்டையே கொடுத்துப் பார்க்கலாம். நன்றாகக் கண்ணில் படுவதற்காகப் பாலிலோ சோற்றிலோ உணவுச் சாயம் கலந்துகொள்வார்கள். சரியாக விழுங்கும் அந்தக் கணத்தில் தொண்டைச் சதை கேமராவை மூடிவிடுவதால் படம் வெள்ளையாகிவிடும். முன்னாலும் பின்னாலும் நடந்ததை வைத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும், அது இதன் குறை. எச்சிலே உள்ளே இறங்குகிறதா, தொண்டையில் சளியும் உணவும் தேங்குகிறதா என்பதற்கெல்லாம் எக்ஸ்ரேயைவிட இதுதான் நல்லது.

மதுரை தூரமாக இருந்தால், பக்கத்தில் உள்ள காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ‘ஃபீஸ் செய்வீர்களா, கூட விழுங்கும் சிகிச்சை தெரிந்த ஸ்பீச் தெரபிஸ்ட் இருப்பாரா’ என்று கேளுங்கள். இந்த இரண்டாவது ஆள் முக்கியம். கேமராவைப் பிடிக்க நிறையப் பேர் இருக்கிறார்கள், பார்த்ததை என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். தெரபிஸ்ட் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்றும் கேட்கலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இப்படிச் சோதித்துப் பார்த்தால்தான் சிகிச்சை எது என்று தெரியும். ஓர் உதாரணம். தாடையை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்து விழுங்கச் சொல்வது எல்லா ஊரிலும் எல்லாரும் சொல்லிக்கொடுப்பது. விழுங்கல் தாமதமாகத் தொடங்கும் ஆளுக்கு அது உதவும். ஆனால் உணவு தொண்டையின் அடிக்குழியில், உணவுக்குழாய் வாசலுக்கு இருபுறமும் தேங்குகிற ஆளுக்கு அது உதவுவதில்லை. குனியும்போது தேங்கியது முன்பக்கமாகச் சரிந்து மூச்சுக்குழாய்க்குள் விழலாம். தலையைத் தூக்கிப் பிடிக்கும் பயிற்சியும் அப்படித்தான். மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கி, கால் விரலைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ரெஸா ஷேக்கர் 1990களில் கொண்டுவந்தது. உணவுக்குழாயின் வாசல் சரியாகத் திறக்காதவருக்கு அது மருந்து. கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவருக்கு ஆகாது. யூடியூபைப் பார்த்து இவற்றைச் செய்ய வைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பயிற்சியால் பலன் உண்டா என்றால், உண்டு. 2006இல் ஆஸ்திரேலியாவில் பக்கவாத நோயாளிகள் 306 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் ஒரு பிரிவுக்கு, குறைந்த அளவு சிகிச்சை இன்னொன்றுக்கு, தீவிரமான தினசரிப் பயிற்சி மூன்றாவது பிரிவுக்கு. ஆறு மாதத்தில் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியவர்கள் மூன்றாவது பிரிவில்தான் அதிகம். தினமும் செய்தது வேலை செய்தது. வாரம் ஒருநாள் வந்து தொண்டையைத் தடவிவிட்டுப் போவதைச் சிகிச்சை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

ஏழு வாரம் ஆகிவிட்டதே, இனி தேறுவாரா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அந்தப் பயம் தெரிகிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஷாகீன் ஹம்டி குழு 1990களில் காந்தத் தூண்டல் வைத்து மூளையின் விழுங்கும் பகுதிகளை வரைபடமாக்கியது. தொண்டைத் தசைகளுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை போகிறது, ஆனால் ஒரு பக்கம் ஓங்கி இருக்கும் என்று கண்டார்கள். ஓங்கிய பக்கம் அடிபட்டால் விழுங்கல் போய்விடுகிறது. திரும்பத் தேறியவர்களைப் பார்த்தபோது, அடிபடாத பக்கத்தில் தொண்டைக்கான பகுதி விரிந்திருந்தது. இது ஒரு நாளில் நடப்பதல்ல. ஏழு வாரம் தாண்டியவர்களிலும் நடக்கிறது, பக்கவாதம் எந்த இடத்தில், எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்து வேகம் மாறும்.

இப்போது சித்தப்பாவின் கரண்ட். அவர் அக்கறையில் சொல்கிறார், நோட்டீஸ் அடித்தவரைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியாது. தொண்டைக்கு மின்தூண்டல் என்ற ஆராய்ச்சி நிஜமாகவே நடக்கிறது. அதில் பெரியது, மூக்கு வழியாகக் கம்பியை விட்டுத் தொண்டையின் உட்புறத்தையே தூண்டுவது. 2016இல் 162 பக்கவாத நோயாளிகளிடம் அதைச் சோதித்தபோது, கரண்ட் கொடுக்காத பொய்த் தூண்டல் பெற்றவர்களைவிட நிஜத் தூண்டல் பெற்றவர்கள் அதிகம் தேறவில்லை. 2018இல் இன்னொரு சோதனை, கழுத்தில் துளையிட்டுச் சுவாசக் குழாய் பொருத்தப்பட்ட 69 பேரிடம். மூன்று நாள் தூண்டலுக்குப் பின் 49 சதவீதம் பேருக்குக் குழாயை எடுக்கும் அளவுக்குத் தொண்டை தேறியது. பொய்த் தூண்டல் பெற்றவர்களில் 9 சதவீதம்தான். ஆக ஒரு குறிப்பிட்ட வகை நோயாளிக்கு அது பலன் தருகிறது, எல்லாருக்கும் அல்ல. உங்கள் அப்பா அந்த வகையும் அல்ல.

நோட்டீஸில் இருப்பதோ இதுகூட இல்லை. கழுத்துத் தோலில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்கும் கரண்ட் அது. பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் ஓரளவு பலன் என்று சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன, இல்லை என்று வேறு சில. 2007இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், ஓய்வாக இருக்கும்போது கழுத்தில் தூண்டினால், விழுங்கும்போது மேலே எழ வேண்டிய நாவடி எலும்பு கீழே இழுபடுவதை எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். எந்த இடத்தில் ஒட்டுகிறோம், நோயாளி அதை எதிர்த்து விழுங்கும் பலம் உள்ளவரா என்பதெல்லாம் தெரியாமல் ஒட்டக் கூடாது. சோதனை எடுக்காமலே பத்து நாள் என்று கெடு சொல்கிற இடத்தில் நான் என் வீட்டு ஆளை விடமாட்டேன்.

வயிற்றுக் குழாய் என்றதும் அம்மா அழுததற்குக் காரணம், அது கடைசிக் கட்டம் என்ற எண்ணம். அப்படி இல்லை. தேறிவிட்டால் எடுத்துவிடலாம், துளை தானே மூடிக்கொள்ளும். 2005இல் வெளிவந்த பெரிய பன்னாட்டு ஆய்வு ஒன்றில், பக்கவாதம் வந்த புதிதிலேயே வயிற்றுக் குழாய் போட்டவர்களுக்கு மூக்குக் குழாயைவிட நன்மை ஏதும் இல்லை. இறப்போ மோசமான முடிவோ 100க்கு சுமார் 8 பேர் அளவுக்குக் கூடுதலாகவே இருந்தது. அதனால் முதல் சில வாரங்களில் மூக்குக் குழாய்தான். நான்கு வாரம் தாண்டியும் குழாய் தேவை, இன்னும் பல வாரம் ஆகும் என்று தெரிந்தால், மூக்கு புண்ணாகாமல், அடிக்கடி பிடுங்கி மாட்டாமல் இருக்க வயிற்றுக் குழாய் வசதி. உங்கள் டாக்டர் ஏழாவது வாரத்தில் பேச்சை எடுத்தது நியாயமே. ஆனால் விழுங்கும் சோதனையை முதலில் எடுத்துவிட்டு முடிவு செய்யலாம் என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: எந்தக் குழாயும் எச்சில் உள்ளே இறங்குவதைத் தடுக்காது, வயிற்றிலிருந்து எதுக்களித்து வருவதையும் தடுக்காது.

அதனால் இப்போதைக்கு வீட்டில் மிகப் பெரிய வேலை வாய்ச் சுத்தம். குழாயில் சாப்பிடுகிறவருக்கு வாய் எதற்கு விளக்க வேண்டும் என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். மெல்லாத வாயில்தான் கிருமி அதிகம் சேரும், அந்த எச்சில்தான் இரவில் நெஞ்சுக்குள் இறங்குகிறது. 1998இல் லாங்மோர் குழு, யாருக்கு நிமோனியா வருகிறது என்று 189 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்தது. விழுங்கல் கோளாறு மட்டும் இருந்தால் போதவில்லை. பிறர் ஊட்டிவிட வேண்டிய நிலை, பிறர் பல் விளக்கிவிட வேண்டிய நிலை, சொத்தைப் பற்கள், குழாய் உணவு ஆகியவை முன்னால் நின்றன. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் பணியாளர்களே பல் விளக்கிவிட்டார்கள். இரண்டு ஆண்டில் நிமோனியா வந்தவர்கள் 11 சதவீதம். அப்படிச் செய்யாத பிரிவில் 19 சதவீதம். 2002இல் வெளியானது. ஒரு பிரஷ்ஷால் இவ்வளவு நடக்கிறது, எந்த சென்டரும் இதற்கு நோட்டீஸ் அடிப்பதில்லை.

அம்மாவுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். ஊட்ட முடியாத கைக்கு ஒரு வேலை வேண்டும். அப்பாவைச் சாய்வாக உட்கார வைத்து, முகத்தைச் செயல் உள்ள பக்கமாகச் சற்றுத் திருப்பி, சின்ன, மென்மையான பிரஷ்ஷில் கடுகளவு பேஸ்ட் போதும். தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கச் சொல்லக் கூடாது. நனைத்து நன்றாகப் பிழிந்த துணியை விரலில் சுற்றி, பற்கள், ஈறு, நாக்கு, செயல் இழந்த பக்கத்துக் கன்னத்தின் உட்புறம் என்று துடைத்தெடுக்க வேண்டும். அந்தக் கன்னத்தில்தான் எல்லாம் ஒதுங்கிக் கிடக்கும். பல்செட் இருந்தால் கழற்றிக் கழுவி, இரவில் வெளியே வைத்துவிடுங்கள்.

குழாயில் ஊற்றும்போது தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்கட்டும், ஊற்றி முடித்தபின் குறைந்தது அரை மணி நேரம் படுக்க வைக்க வேண்டாம். மூக்கருகே குழாயில் இருக்கும் அளவுக் குறி இடம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள், மாறியிருந்தால் ஊற்றாதீர்கள். எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்தவற்றைப் பொடித்தால் மொத்த டோஸும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். சீட்டை எடுத்துக்கொண்டு போய் மருந்தாளரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

சோதனைக்குப் பிறகு, கெட்டியாக்கிய திரவம் கொடுக்கலாம் என்று சொல்லக்கூடும். கஞ்சியைக் கண்ணால் பார்த்து ‘இவ்வளவு கெட்டி போதும்’ என்று முடிவு செய்யாதீர்கள். உலகம் முழுக்க இப்போது பயன்படும் ஓர் எளிய அளவீடு இருக்கிறது. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சில், நுனியை விரலால் அடைத்துக்கொண்டு, 10 மில்லி ஊற்றி, விரலை எடுத்துச் சரியாக 10 விநாடி ஓடவிட்டு மறுபடி அடையுங்கள். 4 முதல் 8 மில்லி வரை மிச்சம் நின்றால் அது கெட்டித்தன்மையில் இரண்டாம் நிலை, 8க்கு மேல் நின்று கொஞ்சமாவது ஓடியிருந்தால் மூன்றாம் நிலை. சிரிஞ்சில் 0 முதல் 10 வரையிலான கோடுகளின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கடைக்குக் கடை சிரிஞ்ச் வேறுபடும், ஸ்கேல் வைத்துப் பார்த்து வாங்குங்கள். மாவுக் கஞ்சி ஆறினால் இறுகும், எச்சில் பட்டால் நீர்க்கும். அதனால் கொடுக்கப்போகும் சூட்டிலேயே அளக்க வேண்டும். ரசம் சாதம், பாலில் ஊறிய பிரட் மாதிரி நீரும் பருக்கையும் கலந்தவை கடைசியாகத்தான் வர வேண்டும். மெல்வதற்குள் நீர் முன்னால் ஓடிவிடும்.

கெட்டித் திரவம் என்றாலே பாதுகாப்பு என்றும் இல்லை. மறதி நோயும் பார்க்கின்சனும் உள்ள 515 பேரிடம் 2008இல் மூன்று மாதம் பார்த்தபோது, கெட்டித் திரவம் குடித்தவர்களுக்கும் குனிந்து சாதாரணத் திரவம் குடித்தவர்களுக்கும் நிமோனியாவில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் நீர்ச்சத்துக் குறைவு முதல் பிரிவில் 6 சதவீதம், மற்றதில் 2 சதவீதம். கெட்டியானதை யாரும் ஆசைப்பட்டுக் குடிப்பதில்லை. சிறுநீரின் நிறத்தைக் கவனித்து வாருங்கள்.

அப்பா எதிரில் சாப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பேச்சு குழறினாலும் அவரால் தலையசைக்க முடியும் அல்லவா, அவரிடமே கேளுங்கள். சிலர் எல்லாரும் சாப்பிடும்போது கூட உட்கார ஆசைப்படுவார்கள், சிலருக்கு அந்த வாசனையே தாங்காது. கூட உட்கார விரும்பினால் அவருடைய குழாய் உணவையும் அதே நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பரிதாபப்பட்டு ஒரு பருக்கையை நாக்கில் வைப்பது மட்டும், சோதனை முடியும்வரை, சித்தப்பா உட்பட யாருக்கும் கிடையாது.

சோதனை ரிப்போர்ட்டில் வெறுமனே ‘ஆஸ்பிரேஷன் இருக்கிறது’ என்று ஒரு வரி மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எந்தக் கெட்டியில், எத்தனை மில்லியில், விழுங்குவதற்கு முன்னாலா பின்னாலா, இருமினாரா, எந்த நிலையில் உட்கார்ந்தால் நின்றது, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். உள்ளே எவ்வளவு ஆழம் இறங்கியது, உடல் அதை வெளியேற்றப் பார்த்ததா என்பதை 1 முதல் 8 வரை எண் போட்டுக் குறிக்கும் அளவுகோலும் இருக்கிறது. 8 என்றால் குரல் நாணுக்குக் கீழே இறங்கியும் வெளியேற்ற முயற்சியே இல்லை என்று பொருள். அந்த எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆறு வாரம் பயிற்சிக்குப் பிறகு மறுபடி பார்க்கும்போது ஒப்பிட வேறு எதுவும் கையில் இருக்காது.